பி.எஸ்சி. கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி: எதை எந்த வரிசையில் படிப்பது, எங்கே தடுக்கும்

பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி படிப்பவர்களுக்குப் பெரும்பாலும் கடைசி ஆண்டுகளில் கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி (ரத்தம், சிறுநீர் போன்றவற்றைச் சோதித்து நோயை அறிவது) தாள் வரும். மெடிக்கல் லேப் டெக்னாலஜி படிப்பவர்கள் இன்னும் சீக்கிரமே அதைச் சந்திப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் நார்மல் வேல்யூ பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுவார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. ரிப்போர்ட்டில் வரும் ஒரு எண் ஊசிமுனையில் தொடங்கி எப்படி வந்து சேர்கிறது என்று தெரிந்தால், பட்டியல் தானாக மனதில் நிற்கும். செய்முறை வகுப்புகளில் பேட்ச் பேட்சாகப் பிள்ளைகள் தடுமாறுவதைப் பார்த்த பிறகு எழுதிய வரிசை இது. பாடத்திட்டத்தில் அலகுகள் வேறு வரிசையில் இருக்கலாம். பரவாயில்லை, படிப்பதை இப்படிப் படியுங்கள்.

1. சேரும் முன்: எந்தப் படிப்பு என்று தெளிவாக இருங்கள்

கலை அறிவியல் கல்லூரியில் படிக்கும் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரியில் கிளினிக்கல் என்பது பல தாள்களில் ஒன்று. மெட்டபாலிசம், என்சைம், மாலிகுலர் பயாலஜி எல்லாம் சேர்ந்தே வரும். பி.எஸ்சி. எம்.எல்.டி. அப்படியல்ல, அது மருத்துவமனை லேபுக்காகவே அமைந்த படிப்பு. தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. ஹெமட்டாலஜி, மைக்ரோபயாலஜி, ரத்த வங்கி எல்லாம் அதில் உண்டு.

லேபில் டெக்னீஷியனாக நிற்பதுதான் ஆசை என்றால் இரண்டாவதுதான் நேர்வழி. எம்.எஸ்சி., ஆராய்ச்சி, ஆசிரியர் வேலை என்று போக நினைப்பவர்களுக்கு முதலாவது. மூன்றாம் ஆண்டில் வந்து "மேடம், இதை முடித்தால் ஹாஸ்பிட்டல் லேபில் எடுப்பார்களா?" என்று கேட்பவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் இருக்கிறார்கள். சேரும்போதே கேட்க வேண்டிய கேள்வி அது.

2. முன்கூட்டியே தேவைப்படுபவை

பாடத்தில் மூன்று விஷயங்களைத் தூசி தட்டிக்கொள்ளுங்கள்: கிளைகாலிசிஸ், யூரியா சுழற்சி, ஹீம் சிதைந்து பிலிருபின் ஆகும் பாதை. இந்தத் தாளின் பாதிக் கேள்விகள் இவற்றின் மேல்தான் நிற்கின்றன.

கணக்கில் வேண்டியது பத்தாம் வகுப்பு விகிதம்தான். ஆனால் மில்லி, மைக்ரோ, டெசிலிட்டர் என்று அலகு மாறும்போது கை நடுங்கக் கூடாது. 1 டெசிலிட்டர் 100 மில்லி, 1 மில்லி 1000 மைக்ரோலிட்டர். இது யோசிக்காமல் வர வேண்டும்.

லேப் கோட், மூடிய ஷூ, கண்ணாடியில் எழுதும் மார்க்கர், கால்குலேட்டர், அப்சர்வேஷன் நோட் வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றோடு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும். வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசிகள். மூன்றும் முடிய ஆறு மாதம் ஆகும் என்பதால், ரத்தத்தைத் தொடும் செமஸ்டர் தொடங்கிய பிறகு போய் நின்றால் தாமதம். முதல் ஆண்டிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

3. முதல் பாடம் ட்யூப் மூடியின் நிறம்

லேபில் நடக்கும் தவறுகளில் பாதிக்கும் மேல் மெஷினுக்கு மாதிரி போய்ச் சேருவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. அதனால்தான் ட்யூபை முதலில் வைக்கிறேன். பலர் இதை "நர்ஸ் பார்க்கிற வேலை" என்று தள்ளிவிடுகிறார்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டுவதும் இங்கேதான்.

சிவப்பு மூடியில் ரத்தம் உறைந்து சீரம் கிடைக்கும். மஞ்சள் மூடியில் கூடவே ஜெல் இருக்கும். ஊதாவில் ஈடிடிஏ, பச்சையில் ஹெப்பாரின், நீலத்தில் சோடியம் சிட்ரேட், சாம்பலில் சோடியம் ஃப்ளூரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் இருக்கும்.

நிறத்தை மட்டும் படிக்காமல், உள்ளே இருப்பது என்ன செய்கிறது என்று படியுங்கள். உடலைவிட்டு வெளியே வந்த பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸ் குறையும். ஃப்ளூரைடு கிளைகாலிசிஸில் ஈனோலேஸ் என்சைமைத் தடுப்பதால் அது நிற்கிறது. அதே ஃப்ளூரைடு யூரியேஸையும் தடுக்கும். எனவே சாம்பல் ட்யூபை எடுத்து யூரியேஸ் முறையில் யூரியா பார்த்தால் எண் தவறிவிடும்.

ஒரு ரிப்போர்ட்டைப் பாருங்கள். பொட்டாசியம் 9, கால்சியம் 4, ஏஎல்பி (அல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்சைம்) மிகக் குறைவு. நோயாளியோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பொட்டாசியம் உண்மையாக இருந்தால் அவர் அப்படி உட்கார்ந்திருக்க முடியாது. நடந்தது இதுதான்: சிவப்பு ட்யூபில் ரத்தம் போதவில்லை என்று யாரோ ஊதா ட்யூபிலிருந்து கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். ஊதாவில் இருப்பது ஈடிடிஏவின் பொட்டாசியம் உப்பு, அதனால் பொட்டாசியம் ஏறியது. ஈடிடிஏ கால்சியத்தைக் கவ்வுவதால் கால்சியம் இறங்கியது. ஏஎல்பிக்குத் தேவையான துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் கவ்வுவதால் அதுவும் விழுந்தது. மூன்று எண்களுக்கும் ஒரே காரணம். இந்த ஒரு உதாரணத்தைப் புரிந்துகொண்டவர்களுக்குத் தாளின் மனப்போக்கே பிடிபட்டுவிடும்.

ரத்தம் எடுக்கும் வரிசையும் இதனால்தான்: நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். முந்தைய ட்யூபின் மருந்து அடுத்ததில் ஒட்டினாலும் கெடுதல் குறைவாக இருக்கும்படி அமைத்த வரிசை அது.

4. சீரம் பிரித்தல்

சிவப்பு ட்யூபை அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். உறைவதற்கு முன் சென்ட்ரிஃப்யூஜில் போட்டால் சீரத்தில் நூல்நூலாக ஃபைப்ரின் தொங்கும், பைப்பெட் டிப்பை அடைக்கும்.

எதிரெதிரே சம எடையில் ட்யூப் வைக்காமல் சென்ட்ரிஃப்யூஜை ஓட்டக் கூடாது. மெஷின் மேசையில் நடக்க ஆரம்பித்த பிறகு ஓடிப்போய் மூடியைத் திறப்பவர்களும் உண்டு. முதலில் சுவிட்சை அணையுங்கள், நிற்கும்வரை பொறுங்கள்.

சீரம் இளஞ்சிவப்பாக வந்தால் ஹீமோலிசிஸ். சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் பிளாஸ்மாவைவிட 20 மடங்குக்கு மேல். அணு உடைந்தால் பொட்டாசியமும், எல்டிஎச், ஏஎஸ்டி என்ற என்சைம்களும் பொய்யாக ஏறும். சிரிஞ்சில் ஊசியைக் கழற்றாமல் ட்யூபுக்குள் வேகமாகப் பீய்ச்சுவதும் ட்யூபைக் குலுக்குவதும்தான் வழக்கமான காரணங்கள். ட்யூபைக் குலுக்காமல் மெதுவாகத் தலைகீழாகத் திருப்புங்கள்.

பிலிருபின் பார்க்க வேண்டிய மாதிரியை வெளிச்சத்தில் வைக்காதீர்கள். ஒளி பட்டால் பிலிருபின் சிதையும். ட்யூபில் அலுமினியத் தாளைச் சுற்றி வைப்பது அதற்காக.

5. பைப்பெட் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எத்தனை பேர் சொன்னாலும் அவசரமாகத் தாண்டப்படும் படி இது. கொஞ்சம் நின்று செய்யுங்கள்.

மைக்ரோபைப்பெட்டின் பிஸ்டனில் இரண்டு நிறுத்தங்கள் உண்டு. முதல் நிறுத்தம்வரை அழுத்துங்கள். டிப்பின் நுனியை மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சீரத்தில் விடுங்கள். கட்டை விரலை மெதுவாக விடுவித்து ஒரு நொடி பொறுங்கள். வெளியே எடுத்து டிப்பின் வெளிப்புறத்தைத் துடையுங்கள், நுனித் துளையில் டிஷ்யூ படக் கூடாது. விடும்போது ட்யூபின் சுவரில் நுனியைச் சாய்த்து முதல் நிறுத்தம், பிறகு இரண்டாம் நிறுத்தம். அழுத்தியபடியே வெளியே எடுங்கள்.

புதியவர்கள் எடுக்கும்போதே இரண்டாம் நிறுத்தம்வரை அழுத்திவிடுவார்கள். அதிகமாக உறிஞ்சும். இன்னொரு கூட்டம் கட்டை விரலைச் சட்டென்று விடும். குமிழி நுழையும். 10 மைக்ரோலிட்டரில் 1 மைக்ரோலிட்டர் பிசகினால் விடையில் 10 சதவீதம் போய்விட்டது. அதற்கப்புறம் என்ன கணக்குப் போட்டும் பயனில்லை.

சீரம் தண்ணீரைவிடக் கெட்டியானது. ஒரு முறை உறிஞ்சி விட்டு டிப்பை நனைத்துக்கொண்டு இரண்டாம் முறை எடுத்தால் அளவு சரியாக வரும். பழகுவதற்குத் தராசில் தண்ணீரை எடைபோட்டுப் பாருங்கள். 1000 மைக்ரோலிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1 கிராம் காட்ட வேண்டும்.

6. பிளாங்க், ஸ்டாண்டர்டு, டெஸ்ட்

நீங்கள் செய்யப்போகும் முக்கால்வாசிச் சோதனைகளுக்கு அடிப்படை இது. நிறம் எவ்வளவு அடர்த்தியோ, ஒளி அவ்வளவு உறிஞ்சப்படும். அதுதான் பீர்-லாம்பர்ட் விதி. பிளாங்கில் ரியேஜன்ட் (நிறம் வரவைக்கும் வேதிக் கரைசல்) மட்டும், ஸ்டாண்டர்டில் அளவு தெரிந்த கரைசல், டெஸ்டில் நோயாளியின் சீரம்.

குளுக்கோஸை ஜிஓடி-பிஓடி (குளுக்கோஸ் ஆக்சிடேஸ்-பெராக்சிடேஸ்) முறையில் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மில்லி ரியேஜன்ட், 10 மைக்ரோலிட்டர் சீரம், 37 டிகிரியில் வைத்தால் இளஞ்சிவப்பு நிறம், 505 நானோமீட்டரில் அளவு. பிளாங்கைப் பூஜ்ஜியமாக்கிய பிறகு ஸ்டாண்டர்டு 0.32, டெஸ்ட் 0.48. ஸ்டாண்டர்டு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால் 0.48 ஐ 0.32 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்க, 150.

கிட் முறையில் இவ்வளவுதான். பழைய முறைகளில்தான் பலரும் சறுக்குகிறார்கள். டிசிஏ (ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம்) போட்டுப் புரதத்தை வீழ்த்தி வடித்த நீர், சீரம் பத்தில் ஒரு பங்காக இருந்தால், அதில் 1 மில்லி எடுத்தாலும் உள்ளே இருக்கும் உண்மையான சீரம் 0.1 மில்லிதான். கணக்கில் 1 என்று வகுப்பவருக்கு யூரியா 30க்குப் பதில் 3 என்று வரும். விடை பத்து மடங்கு பிசகினால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

ஓ.டி. (மெஷின் காட்டும் ஒளி உறிஞ்சல் அளவு) 1ஐத் தாண்டினால் அந்த அளவை அப்படியே நம்ப வேண்டாம். நிறம் வந்த கரைசலில் தண்ணீர் ஊற்றி மறுபடி அளப்பதும் சரியல்ல, ரியேஜன்ட் ஏற்கெனவே தீர்ந்திருக்கலாம். சீரத்தை உப்புநீரில் பாதியாகக் கலந்து, முதலிலிருந்து சோதனை செய்து, விடையை 2ஆல் பெருக்குங்கள்.

கரைசலை ஊற்றி அளக்கும் கியூவெட்டின் தெளிவான பக்கத்தில் விரல் படக் கூடாது. சொல்லத் தேவையில்லாத விஷயம்தான், ஆனால் ஒவ்வொரு தேர்விலும் யாராவது ஒருவர் சொரசொரப்பான பக்கத்தை ஒளிக்கு எதிரே வைத்துவிட்டு மெஷின் ரிப்பேர் என்கிறார்.

7. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு தனிக் குணம்

பையூரெட் முறையில் புரதம் ஊதா நிறம், 540 நானோமீட்டர். இதில் பெரிய தொல்லை இல்லை.

யூரியாவுக்கு டயசெட்டைல் மோனாக்சைம் முறை என்றால் கொதிநீரில் எல்லா ட்யூப்களும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏற வேண்டும். ஒன்று முன்பின்னானால் அதன் நிறம் மட்டும் வேறு. யூரியாவுக்கும் யூரியா நைட்ரஜனுக்கும் குழம்பாதீர்கள். யூரியாவை 2.14ஆல் வகுத்தால் யூரியா நைட்ரஜன்.

கிரியாட்டினினுக்கு ஜாஃபே முறை: காரத்தில் பிக்ரேட், ஆரஞ்சு நிறம். கீட்டோன், அதிக குளுக்கோஸ் போன்றவையும் இதே நிறம் தரும், எண் கூடும். பிலிருபின் அதிகமானால் குறையும். கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயாளியின் கிரியாட்டினின் ஏன் சந்தேகத்துக்குரியது என்று கேட்டால் பதில் இதுதான். இன்னொன்று: காய்ந்த பிக்ரிக் அமிலம் வெடிக்கும் தன்மை உள்ளது. பாட்டில் மூடியைச் சுற்றி மஞ்சள் படிகம் காய்ந்து ஒட்டியிருந்தால் திருகாதீர்கள், ஆசிரியரைக் கூப்பிடுங்கள்.

சிறுநீர்ச் சோதனைகளைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். வெப்பத்தில் அல்புமின் என்ற புரதத்தைப் பார்க்கும்போது ட்யூபை முக்கால் பங்கு நிரப்பி மேல்பகுதியை மட்டும் சூடாக்குங்கள். அப்போதுதான் தெளிவான கீழ்ப்பகுதியோடு ஒப்பிட முடியும். கலங்கியதும் "அல்புமின் பாசிட்டிவ்" என்று எழுதிவிடாமல் சில துளி அசிட்டிக் அமிலம் விடுங்கள். பாஸ்பேட் என்றால் கரைந்துவிடும், அல்புமின் என்றால் நிற்கும். சர்க்கரை பார்க்கும் பெனடிக்ட் சோதனையில் 5 மில்லி ரியேஜன்டுக்கு 8 துளி சிறுநீர் போதும். கீட்டோன் பார்க்கும் ரோத்தராஸ் சோதனையின் ஊதா வளையம் அசிட்டோனையும் அசிட்டோஅசிட்டேட்டையும்தான் காட்டும், பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட்டைக் காட்டாது.

8. என்சைம்: நிறத்தை அல்ல, வேகத்தை அளப்பது

கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி, ஏஎஸ்டி என்சைம்கள் வந்ததும் எல்லோரும் குழம்புவதற்குக் காரணம், இங்கே ஒரே ஒரு ஓ.டி. எடுத்தால் வேலை முடியாது. நிமிடத்துக்கு நிமிடம் மாற்றத்தைப் பார்க்க வேண்டும். ஏஎல்டியில் உருவாகும் பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றும்போது ரியேஜன்டில் உள்ள என்ஏடிஎச் என்ற துணைப் பொருள் செலவாகிறது. 340 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுவது என்ஏடிஎச்தான். ஆகவே ஓ.டி. இறங்கும். அது தவறல்ல, அதுதான் சோதனை.

ஏஎல்டி மிக மிக அதிகமாக இருந்தால், முதல் அளவீட்டுக்கு முன்பே என்ஏடிஎச் தீர்ந்துபோய், மாற்றமே இல்லாமல் கோடு தட்டையாக வரும். மெஷின் குறைவு என்று காட்டும். கடுமையான மஞ்சள் காமாலை ரிப்போர்ட்டில் ஏஎல்டி மட்டும் சாதாரணமாக இருந்தால், சீரத்தை நீர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

9. இப்போது நார்மல் வேல்யூ

எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், முதலில் ஒரு கைப்பிடி. வெறும் வயிற்றுக் குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 70–100 மில்லிகிராம், 126ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். யூரியா 15–40 மில்லிகிராம். சோடியம் லிட்டருக்கு 135–145, பொட்டாசியம் 3.5–5.0 மில்லிமோல். மொத்த பிலிருபின் டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம் வரை. அல்புமின் டெசிலிட்டருக்கு 3.5–5.0 கிராம். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், முறை மாறினால் வரம்பும் மாறும்.

இந்த வரம்பு ஆரோக்கியமானவர்களில் நடுவிலுள்ள 95 சதவீதம் பேரைக் கொண்டு போடப்படுவது. அப்படியானால் 20 ஆரோக்கியமானவர்களில் ஒருவர் வெளியே இருப்பார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஒரே ஆளுக்குச் செய்தால், ஏதாவது ஒன்றாவது வரம்பைத் தாண்ட சுமார் 64 சதவீதம் வாய்ப்பு. மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் ஒரு எண் தடித்த எழுத்தில் வந்ததும் வீட்டில் கிளம்பும் பீதிக்கு இதைச் சொல்லலாம்.

10. எண்களைச் சேர்த்து வாசித்தல்

தேர்வில் கேஸ் ஸ்டடி என்று வருவது இதுதான். மஞ்சள் காமாலையில் தொடங்குங்கள், அதில்தான் எல்லாப் பாடமும் சேருகிறது.

சிவப்பணு அதிகமாக உடைவதால் வரும் காமாலையில் மறைமுக பிலிருபின் (கல்லீரல் மாற்றுவதற்கு முன்னுள்ளது) ஏறும். அது தண்ணீரில் கரையாது, அல்புமினில் ஒட்டிக்கொண்டிருக்கும், சிறுநீருக்குள் போகாது. ஆகவே சிறுநீரில் பிலிருபின் இல்லை, யூரோபிலினோஜன் (குடலில் பிலிருபினிலிருந்து உருவாவது) மட்டும் அதிகம். பித்தக் குழாய் அடைத்தால் நேரடி பிலிருபின் (கல்லீரல் மாற்றியது) ஏறும், அது கரையும், சிறுநீர் அடர்மஞ்சளாகும். குடலுக்குப் பித்தம் போகாததால் யூரோபிலினோஜன் இருக்காது, மலம் வெளுக்கும். ஏஎல்பி, ஜிஜிடி என்ற என்சைம்கள் ஏறும். கல்லீரல் அணுவே பாதிக்கப்பட்டால் ஏஎல்டியும் ஏஎஸ்டியும் முன்னுக்கு வரும், பிலிருபின் இரண்டு வகையும் ஏறும்.

மூன்று பத்தி அட்டவணையாக இதை மனப்பாடம் செய்பவர்கள் ஒரு கட்டம் மறந்தால் நின்றுவிடுகிறார்கள். கரையுமா, கரையாதா என்ற ஒரு கேள்வியிலிருந்து மற்றதெல்லாம் வரும்.

கணக்குச் சூத்திரங்களுக்கும் எல்லை உண்டு. எல்டிஎல் என்பது மொத்த கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தது. ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரம் செல்லாது. கால்சியம் குறைவு என்றால் அல்புமினையும் பாருங்கள். அல்புமின் 4க்குக் கீழே ஒவ்வொரு 1 கிராமுக்கும் 0.8 கூட்டிக்கொள்வது வழக்கம்.

11. தரக் கட்டுப்பாடு: எல்லோரும் விட்டுவிடும் அலகு

புத்தகத்தில் கடைசியில் இருப்பதால் படிக்காமல் போகிறார்கள். வேலைக்குப் போனால் முதல் நாளே இதுதான்.

தினமும் மதிப்புத் தெரிந்த கன்ட்ரோல் சீரத்தை ஓட்டி லெவி-ஜென்னிங்ஸ் வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். கன்ட்ரோல் குளுக்கோஸின் சராசரி 100, திட்ட விலக்கம் 3 என்று வையுங்கள். இன்று 107 வந்தால் இரண்டு விலக்கத்தைத் தாண்டிவிட்டது: எச்சரிக்கை. நாளையும் 107 என்றால் வெஸ்ட்கார்டு விதிப்படி அன்றைய ரிப்போர்ட் வெளியே போகக் கூடாது. ஒரே பக்கம் சாய்ந்தால் ரியேஜன்ட், ஸ்டாண்டர்டு, விளக்கு பக்கம் தேடுங்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று துள்ளினால் பைப்பெட், குமிழி.

பயிற்சிக்குப் போகிறவர்கள் கற்றுக்கொண்டு வரும் கெட்ட பழக்கம் ஒன்று உண்டு: கன்ட்ரோல் சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுவது. காரணம் தேடாமல் கிடைத்த நல்ல எண் எதையும் நிரூபிக்காது.

லேபுக்கு வெளியிலிருந்தும் சோதிப்பார்கள். வேலூர் சிஎம்சி நடத்தும் வெளித் தர மதிப்பீட்டுத் திட்டத்தில் நாட்டின் பல லேப்கள் சேர்ந்திருக்கின்றன. வைவாவில் இதைச் சொன்னால் தேர்வாளர் நிமிர்ந்து பார்ப்பார்.

12. ரெக்கார்டு, செய்முறைத் தேர்வு, வைவா

அப்சர்வேஷன் நோட்டில் வந்த எண்ணை வந்தபடியே எழுதி அன்றே கையெழுத்து வாங்குங்கள். பக்கத்து பெஞ்ச் விடையைப் பார்த்து ஓ.டி.யைத் திருத்தினால் தெரிந்துவிடும், ஏனென்றால் திருத்துபவர்கள் டெஸ்டை மட்டும் மாற்றுவார்கள், கணக்கு ஒத்துவராது.

தேர்வில் ப்ரொசீஜர் எழுதும்போது தத்துவம், ரியேஜன்ட் அட்டவணை, கணக்கு மூன்றும் இருக்கட்டும். எழுதி முடித்ததும் முதல் வேலை வாட்டர் பாத்தைப் போடுவது. அது சூடாக நேரம் பிடிக்கும். விடை அபத்தமாக வந்தால் மறைக்காதீர்கள். "சீரம் அளவு பிசகியிருக்கலாம் மேடம், இந்த எண் உடலில் சாத்தியமில்லை" என்று சொல்பவருக்கு மதிப்பெண் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

13. மருத்துவமனை லேப் பயிற்சி

வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். முதல் சில நாட்கள் மெஷின் பக்கம் போகாமல், மாதிரி வாங்கும் ஜன்னலில் நில்லுங்கள். பெயர் இல்லாத ட்யூப், தவறான மூடி, பாதி நிரம்பிய நீல ட்யூப் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். எதைத் திருப்பி அனுப்புகிறார்கள், எந்தக் காரணம் சொல்லி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஊசி வெள்ளைப் பெட்டிக்கு, கையுறையும் ஊசி நீக்கிய சிரிஞ்சும் சிவப்புப் பைக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கு. ஊசிக்கு மறுபடி மூடி போட முயல வேண்டாம், குத்திக்கொள்வது அப்போதுதான்.

அப்புறம், ஆபத்தான எண் வந்தால் என்ன செய்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். பொட்டாசியம் 6.8 என்றால் முதலில் சீரத்தின் நிறத்தைப் பார்ப்பார்கள், கன்ட்ரோலைப் பார்ப்பார்கள், பிறகு வார்டுக்குப் போன். மறுமுனையில் இருப்பவரை எண்ணைத் திருப்பிச் சொல்லவைத்து, அவர் பெயரையும் நேரத்தையும் ரெஜிஸ்டரில் எழுதுவார்கள்.